லெஸ்டரில் தேவாலயங்கள் எல்லாம் கோயில்களாகிவிட்டனவா?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் தேவாலயங்களை எல்லாம் கோயில்களாகவும் பள்ளிவாசல்களாகவும் மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? முன்பு அங்கே என்னென்ன வழிபாட்டு இடங்கள் இருந்தன, இப்போது என்ன நிலை?

பதில்:

கால்வாசிதான் உண்மை. சில தேவாலயங்கள் கைமாறியிருக்கின்றன. ஆனால் ‘எல்லாம்’ என்பது சரியில்லை. லெஸ்டரின் பழைய மதில்களுக்கு உள்ளேயும் அவற்றை ஒட்டியும் இருந்த இடைக்காலப் பங்குக் கோயில்களில், அதாவது கிறிஸ்தவத் தேவாலயங்களில், ஐந்து இன்றும் நிற்கின்றன: செயின்ட் நிக்கலஸ், செயின்ட் மேரி டி காஸ்ட்ரோ, செயின்ட் மார்ட்டின், செயின்ட் மார்கரெட், ஆல் செயின்ட்ஸ். இவற்றில் ஒன்றுகூட வேறு மதத்தார் கைக்குப் போகவில்லை. இடிந்துபோனவையும் உண்டு. செயின்ட் பீட்டர், செயின்ட் மைக்கேல், செயின்ட் கிளமென்ட், செயின்ட் லெனர்ட் ஆகிய கோயில்கள், மூன்று பிச்சைத் துறவியர் மடங்கள், ஒரு பெரும் துறவு மடம், அரசகுடும்பத்தாரின் கல்லறைகள் இருந்த ஒரு கோயில். இவை எல்லாம் ஆசியாவிலிருந்து யாரும் அங்கே போய்ச் சேர்வதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன. மறையச் செய்தவர்கள் கிறிஸ்தவர்களேதான். இந்த வரிசையை மனதில் வைக்காமல் லெஸ்டரைப் பற்றிப் பேசினால் வந்தேறிகள்மீது வீண்பழி போடுவதில்தான் முடியும். அதனால் ஆதியிலிருந்தே சொல்கிறேன்.

ரோமர் காலத்தில் இந்த ஊரின் பெயர் ராட்டே. அந்த ஊரின் பொதுக் குளியல் மண்டபத்தின் ஒரு சுவர் இன்றும் சுமார் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. ஜூரி வால் என்று அழைப்பார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1930களின் பிற்பகுதியில் கேத்லீன் கென்யன் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே அகழாய்வு செய்தார். பிற்காலத்தில் எரிகோவில் செய்த அகழாய்வுகளால் உலகப் புகழ் பெற்றவர். பிரிட்டனில் மண்ணுக்கு மேலே நிற்கும் ரோமர் காலக் கட்டுமானங்களில், கோட்டை மதில்களை விட்டுவிட்டுப் பார்த்தால், மிகப் பெரியவற்றில் இது ஒன்று. ரோமர் ஊர்களின் கற்களை எல்லாம் பின்னால் வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இந்தச் சுவர் மட்டும் எப்படித் தப்பியது? பக்கத்தில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் கிறிஸ்தவர்கள் செயின்ட் நிக்கலஸ் கோயிலைக் கட்டினார்கள். அப்போது இந்தச் சுவர் அந்தக் கோயிலின் மேற்குப் பக்கத்தோடு சேர்ந்து பயன்பட்டது. இடித்தால் கோயிலுக்கு ஆபத்து, அதனால் விட்டுவைத்தார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

செயின்ட் நிக்கலஸ் கோயிலின் மையக்கூடத்து வடக்குச் சுவரில் சிறிய சாக்சன் காலச் சன்னல்கள் இருக்கின்றன. அவற்றின் வளைவுகளைத் தட்டையான ரோமச் செங்கற்களால் கட்டியிருக்கிறார்கள். கோபுரத்திலும் அதே செங்கல் பட்டை பட்டையாகத் தெரியும். வேறு தெய்வங்களை வணங்கிய மக்களின் குளியல் மண்டபத்திலிருந்து எடுத்த செங்கல், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கிறிஸ்தவக் கோயிலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இன்றும் அங்கே ஆராதனை நடக்கிறது. லெஸ்டரில் இன்னும் வழிபாட்டில் இருக்கும் இடங்களில் மிகப் பழையது இதுதான்.

ரோமரின் வழிபாட்டு இடம் ஏதாவது கிடைத்ததா என்றால், அண்மையில் கிடைத்திருக்கிறது. லெஸ்டர் பேராலயத்தில் புதிய கற்றல் மையம் கட்டுவதற்காகத் தோட்டப் பகுதியைத் தோண்டினார்கள். மேலடுக்குகளில் பதினோராம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுப்பகுதி வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். அதற்கும் கீழே, தரையிலிருந்து சுமார் மூன்று மீட்டர் ஆழத்தில், சுவருக்கு வண்ணம் பூசிய ஒரு ரோமர் காலத்து நிலவறை. அதற்குள் உடைந்து கிடந்தது ஒரு பலிபீடக் கல்லின் அடிப்பகுதி. ஒரு குடும்பமோ சிறு குழுவோ தனியாக வழிபட்ட அறையாக இருக்கலாம் என்று 2023-ல் அகழாய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த இடத்தில் ஒரு ரோமர் கோயில் இருந்தது என்று உள்ளூரில் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். ஒரு பலிபீடத்தை வைத்து முழுக் கோயிலையே நிரூபிக்க முடியாது. ஆனாலும் இன்றைய பேராலயத்தின் காலடியிலேயே அது கிடைத்திருக்கிறது.

இனி இழப்புகளுக்கு வருகிறேன். லெஸ்டரின் பெரும் இழப்புகள் நேர்ந்தது பதினாறாம் நூற்றாண்டில். எட்டாம் ஹென்றி ரோமிலிருந்து பிரிந்து இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்தபோது, லெஸ்டரின் மடங்கள் 1538-ல் மூடப்பட்டன. அவற்றில் பெரியது நகருக்கு வடக்கே ஆற்றங்கரைப் புல்வெளியில் இருந்த அகஸ்தினார் மடம். 1143-ல் லெஸ்டர் பிரபு ராபர்ட் நிறுவியது. கர்தினால் வோல்சி உயிர்விட்ட இடமும் அதுதான். ஹென்றியின் வலக்கையாக இருந்து, மன்னரின் திருமண முறிவு விவகாரத்தில் செல்வாக்கிழந்து, ராஜதுரோகக் குற்றச்சாட்டில் கைதாகி, வடக்கிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோகும் வழியில் நோய் முற்றி இங்கே வந்து இறங்கினார். என் எலும்புகளை உங்களிடம் விட்டுப்போகவே வந்தேன் என்று மடாதிபதியிடம் சொன்னதாக அவருடைய பணியாளர் எழுதிவைத்திருக்கிறார். 1530 நவம்பர் 29-ல் இறந்தார். அடுத்த எட்டே ஆண்டுகளில் மடமும் போயிற்று. அதன் கற்களைக் கொண்டு பிரபுக்கள் ஒரு மாளிகை எழுப்பினார்கள். 1645-ல் உள்நாட்டுப் போரின்போது அதுவும் எரிந்தது. இன்று அந்த இடம் ஆபி பூங்கா. மடத்தின் சுவர்கள் எங்கெங்கே ஓடின என்று காட்டுவதற்காகப் புல்லில் தாழ்வான கற்சுவர்களைக் கட்டியிருக்கிறார்கள். வோல்சியின் கல்லறை இன்றுவரை கிடைக்கவில்லை.

நகருக்குள் இருந்த பிரான்சிஸ்கன் துறவியர் மடம் கிரேஃப்ரையர்ஸ். 1485 ஆகஸ்ட் 22-ல் பாஸ்வொர்த் போரில் கொல்லப்பட்ட மூன்றாம் ரிச்சர்டை அந்த மடத்துக் கோயிலில்தான் புதைத்தார்கள். மடம் இடிக்கப்பட்டதும் மன்னரின் கல்லறை இருந்த இடமே மறந்துபோயிற்று. எலும்புகளை ஆற்றில் வீசிவிட்டார்கள் என்று ஒரு கதைகூடப் பரவியது. 2012 ஆகஸ்டில் லெஸ்டர் பல்கலைக்கழக அகழாய்வாளர்கள் நகர சபையின் சமூகநலத் துறைக்குச் சொந்தமான ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த எலும்புக்கூடு ரிச்சர்டுடையதே என்று மரபணு ஒப்பீட்டையும் சேர்த்துப் பார்த்து 2013 பிப்ரவரி 4-ல் அறிவித்தார்கள். 2015 மார்ச் 26-ல் எதிரே இருக்கும் பேராலயத்தில் மறு அடக்கம் நடந்தது. இந்தக் கதை உலகம் அறிந்தது. ஆனால் அதோடு சேர்ந்து கிடைத்த இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. மன்னரின் எலும்புகள் கிடைத்ததால், ஒரு மடத்துக் கோயில் எங்கே நின்றது, அதன் பாடகர் பகுதி எந்தப் பக்கம் இருந்தது என்பதும் சேர்ந்தே தெரியவந்தது. சுமார் 470 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு வழிபாட்டு இடத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் பெரிய செய்தி.

ரிச்சர்டின் உடலைப் புதைப்பதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைத்ததாகச் சொல்லப்படும் இடம் லெஸ்டரின் நியூவார்க் பகுதியில் இருந்த அன்னை மரியாள் கோயில். லங்காஸ்டர் வம்சத்தாரின் கல்லறைகள் இருந்த பெரிய கோயில் அது. மடங்களைக் கலைத்தபோது தப்பியது. ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1548-ல், அதுவும் முடிந்தது. அதில் மிஞ்சியவை இரண்டே இரண்டு கல் வளைவுகள். அவை டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஹாதோர்ன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. கட்டடம் கட்டியவர்கள் அவற்றை இடிக்காமல் உள்ளேயே விட்டுச் சுற்றிக் கட்டினார்கள். இப்போது அந்தத் தளம் ஒரு சிறு அருங்காட்சியகம், பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம்.

செயின்ட் பீட்டர் கோயிலின் கதை இன்னும் நேரடியானது. பதினாறாம் நூற்றாண்டின் பின்பகுதியில் பங்கு மக்கள் குறைந்துபோனார்கள், கோயிலைப் பராமரிக்கப் பணம் இல்லை. கூரையின் ஈயமும் மரமும் கல்லும் 1573-ல் இலவச இலக்கணப் பள்ளியைக் கட்டப் போயின. அந்தப் பள்ளிக் கட்டடம் ஹைகிராஸ் தெருவில் இன்றும் இருக்கிறது. கோயில் இருந்த இடத்தில் பின்னாளில் ஹைகிராஸ் வணிக வளாகம் வந்தது. அதைக் கட்டுமுன் நடந்த அகழாய்வில் செயின்ட் பீட்டரின் அடித்தளமும், அதன் கல்லறைத் தோட்டத்தில் 1,300க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகளும் வெளிவந்தன. ஆள் இல்லை, பணம் இல்லை, அதனால் கோயில் போயிற்று. தேவாலயங்கள் மூடப்படுவதற்கு இன்று சொல்லும் காரணங்கள் இவைதான். 450 ஆண்டுகளுக்கு முன்பும் இவையேதான்.

யூதர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1231-ல் சைமன் டி மான்ட்ஃபோர்ட் லெஸ்டரிலிருந்து யூதர்களை வெளியேற்றி, உலகம் முடியும் வரை அவர்கள் இந்த ஊரில் வாழக்கூடாது என்று சாசனம் எழுதினார். அதே மனிதர்தான் ஆங்கில நாடாளுமன்ற வரலாற்றின் நாயகர்களில் ஒருவர். ஊரில் பல்கலைக்கழகத்துக்கும் பெரிய அரங்கத்துக்கும் அவர் பெயர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூதர்கள் திரும்பி வந்தார்கள். 1874-ல் சபை அமைத்தார்கள். 1898-ல் ஹைஃபீல்ட் தெருவில் ஜெபாலயம் திறந்தார்கள். வெங்காய வடிவக் குவிமாடம் கொண்ட அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஆர்தர் வேக்கர்லி, லெஸ்டரின் மேயராகவும் இருந்தவர். அதே சபையின் தூணாக விளங்கிய துணி வணிகர் இஸ்ரேல் ஹார்ட்டும் பலமுறை மேயரானார். டவுன் ஹால் சதுக்கத்தில் இன்றும் நீர் சொரியும் நீரூற்று அவர் ஊருக்குத் தந்த பரிசு. டி மான்ட்ஃபோர்ட்டின் யூத வெறுப்பைக் கண்டித்து நகர சபை முறைப்படி அறிக்கை வெளியிட 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்தது சாப்பல்களின் காலம். இங்கிலாந்து திருச்சபைக்கு வெளியே இருந்த கிறிஸ்தவக் குழுக்களின் வழிபாட்டுக் கட்டடங்களையே இங்கே சாப்பல் என்கிறேன். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிற்காலத்தில் கோயில்களாக மாறிய கட்டடங்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. அரசரைத் தலைவராகக் கொண்ட இங்கிலாந்து திருச்சபையை ஏற்காத புராட்டஸ்டன்ட் குழுக்கள் பல இருந்தன: பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், பாப்டிஸ்ட், குவேக்கர், பின்னால் மெதடிஸ்ட். 1689-ல் வந்த சகிப்புச் சட்டத்துக்குப் பிறகே இவர்கள் வெளிப்படையாகக் கட்டடம் எழுப்ப முடிந்தது. லெஸ்டரில் 1708-ல் ஈஸ்ட் பாண்ட் தெருவில் கிரேட் மீட்டிங் கட்டப்பட்டது. செங்கல்லால் ஆன எளிய கட்டடம். கோபுரம் கிடையாது, சிலை கிடையாது. நாளடைவில் அந்தச் சபை யூனிட்டேரியன் கொள்கைக்கு மாறியது. அதாவது பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தை ஏற்காதவர்கள். இப்படிப்பட்டவர்கள் வெகுகாலம் நகராட்சிப் பதவி எதிலும் அமர முடியாதபடி சட்டம் தடுத்தது. 1828-ல் தடை நீங்கியது, 1835-ல் நகராட்சிச் சீர்திருத்தம் வந்தது. அதன்பின் லெஸ்டரின் முதல் ஏழு மேயர்களும் இந்த ஒரே சபையிலிருந்து வந்தார்கள். ‘மேயர்களின் கூடு’ என்றே ஊரார் அந்தக் கட்டடத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஒதுக்கிவைத்த கூட்டம் ஊரையே ஆளவந்தது லெஸ்டருக்கு அப்போதே பழகிய கதை. இருபதாம் நூற்றாண்டின் மாற்றங்களை அந்த ஊர் எப்படித் தாங்கியது என்று கேட்பவர்களுக்கு இந்த 1835-ஐத்தான் நான் முதலில் காட்டுவேன்.

ஹார்வி லேனில் இருந்த பாப்டிஸ்ட் சாப்பலுக்கு 1789-ல் போதகராக வந்தவர் வில்லியம் கேரி. செருப்புத் தைத்தும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்தவர். உலகின் பிற நாடுகளுக்குப் போய் நற்செய்தி சொல்வது நம் கடமை என்று வாதிட்டு 87 பக்கத்தில் ஒரு சிறு நூலை 1792-ல் லெஸ்டரிலேயே அச்சிட்டார். அடுத்த ஆண்டே வங்காளத்துக்குக் கப்பலேறினார். பின்னாளில் அவரும் நண்பர்களும் சேர்ந்து 1818-ல் நிறுவிய செராம்பூர் கல்லூரியின் பெயரைத் தமிழ்நாட்டில் இறையியல் படித்த எவரும் அறிவார். மதுரை இறையியல் கல்லூரியும் சென்னை குருகுலமும் தரும் பட்டங்கள் செராம்பூரின் பட்டங்கள்தான். ஹார்வி லேன் சாப்பல் இன்று இல்லை. கேரி குடியிருந்த சின்ன வீட்டை 1960களில் சாலை அமைக்க இடித்தார்கள். ஊரின் நடுவே உள்வட்டச் சாலை போட்டபோது லெஸ்டர் இழந்தது ஏராளம். மதில் ஓடிய தடத்தையும் பழைய தெருக்களையும் கார்களுக்காகத் தூக்கிக் கொடுத்தார்கள். ரோமச் சுவருக்கும் பேராலயத்துக்கும் நடுவே இன்று பல வழித்தடச் சாலை ஓடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் பெருத்தது. 1801-ல் சுமார் 17,000 பேர். 1901-ல் 2 லட்சத்துக்கும் மேல். காலுறையும் காலணியும் தைக்கும் ஆலைகள் பெருகின. ஒவ்வொரு புதுத் தெருவுக்கும் ஒரு சாப்பல், ஒரு திருச்சபைக் கோயில், ஒரு ஞாயிறு பள்ளி என்று எழுந்தன. பெல்வர் தெருவில் 1845-ல் கட்டிய வட்ட வடிவ பாப்டிஸ்ட் சாப்பலை ஊரார் ‘பன்றிக்கறிப் பை சாப்பல்’ என்றார்கள். அந்த ஊரில் விற்கும் வட்டமான கறிப் பணியாரத்தைப் போலவே இருந்ததால் வந்த பெயர். அதை வடிவமைத்த ஜோசப் ஹான்சம்தான் ஹான்சம் குதிரை வண்டியையும் உருவாக்கியவர். இப்போது அங்கே வயது வந்தோருக்கான கல்வி வகுப்புகள் நடக்கின்றன.

இதே காலத்தில் கடவுள் வேண்டாம் என்றவர்களும் ஒரு மண்டபம் கட்டினார்கள். ஹம்பர்ஸ்டோன் கேட்டில் 1881-ல் திறந்த செக்யூலர் ஹால் இன்றும் நிற்கிறது. அதன் முகப்பில் ஐந்து பேரின் மார்பளவுச் சிலைகள் உண்டு: சாக்ரட்டீஸ், இயேசு, வால்டேர், தாமஸ் பெயின், ராபர்ட் ஓவன். இயேசுவை ஒரு சிந்தனையாளராக மட்டும் அந்த வரிசையில் வைத்ததற்கு அப்போது பெரும் எதிர்ப்பு. அந்தக் காலத்து ஆங்கில நாத்திக இயக்கத்தின் பெரும் பேச்சாளர் சார்லஸ் பிராட்லா. அவருடைய கருத்துகளை ஒட்டித்தான் 1880களில் சென்னையில் இலௌகிக சங்கம் தமிழில் நாத்திக இதழ் நடத்தியது. பிராட்லாவின் தோழியாக மேடை ஏறிய அன்னி பெசன்ட் பின்னாளில் அடையாறுக்கு வந்து சேர்ந்தார். வழிபாட்டு இடங்களைப் பற்றிய பதிலில் இந்த மண்டபம் எதற்கு என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடிப் பாடி, சொற்பொழிவு கேட்டு, பிள்ளைகளுக்கு வகுப்பும் நடத்தியவர்கள் அவர்கள். ஊர் வாழ்க்கையில் அது வகித்த இடம் ஒரு சாப்பலின் இடமேதான்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 1950கள் முதல் பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும், 1960களின் கடைசியில் கென்யாவிலிருந்தும் மக்கள் வந்தார்கள். 1972-ல் இடி அமீன் உகாண்டாவின் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். லெஸ்டர் நகர சபை உகாண்டா நாளிதழில் விளம்பரம் கொடுத்தது: உங்கள் நலனுக்காகவே சொல்கிறோம், லெஸ்டருக்கு வராதீர்கள் என்ற பொருளில். அப்படியும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். வந்தவர்களுக்கு வழிபட இடம் வேண்டும். முதலில் வீட்டு முன்னறை, பிறகு வாடகைப் பள்ளிக்கூட மண்டபம், பணம் சேர்ந்ததும் சொந்தக் கட்டடம். அந்த நேரத்தில் ஊரில் இரண்டு வகைக் கட்டடங்கள் மலிவாகக் கிடைத்தன. ஆள் குறைந்த சாப்பல்கள் ஒன்று. மூடிய பின்னலாடை ஆலைகள் மற்றொன்று.

ஏன் சாப்பல்கள்? இங்கிலாந்து திருச்சபையின் கோயிலை வாங்குவது எளிதல்ல. 1968-ல் வந்த சட்டத்தின்படி கோயிலை மூட முறைப்படி அறிவிப்பு வேண்டும், ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும், மாற்றுப் பயன்பாட்டைத் திருச்சபை ஆணையர்கள் தீர்மானிக்க வேண்டும். பிற மதத்தாருக்குக் கொடுப்பதில் திருச்சபைக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. சவுத்தாம்ப்டனில் ஒரு திருச்சபைக் கோயில் 1980களில் சீக்கியர்களுக்கு விற்கப்பட்டதை அரிய விதிவிலக்காகத்தான் சொல்வார்கள். சாப்பல்களின் நிலை வேறு. அவை அறங்காவலர்கள் கையில் இருந்தன, மேலே பிஷப் கிடையாது. 1972-ல் காங்கிரிகேஷனல் சபைகளும் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் இணைந்து ஒரே திருச்சபை ஆனபோது மேலும் பல கட்டடங்கள் மிகுந்துபோயின. திட்ட அனுமதிச் சட்டமும் உதவியது. ‘பொது வழிபாட்டு இடம்’ என்பது அதில் ஒரே வகுப்பு. எந்த மதம் என்று சட்டம் கேட்பதில்லை. சாப்பலைக் கோயிலாக்கப் பயன்பாட்டு மாற்ற அனுமதி தேவைப்படாது. ஆலையைக் கோயிலாக்க வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும், அக்கம்பக்கத்தார் ஆட்சேபத்தையும் கார் நிறுத்தும் இடப் பிரச்சினையையும் எதிர்கொள்ள வேண்டும்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஆக்ஸ்போர்ட் தெருவில் இருக்கும் சமணக் கோயில். 1860களில் காங்கிரிகேஷனல் சபையார் கட்டிய சாப்பல் அது. 1979-ல் சமணர்கள் வாங்கி, 1988-ல் பிரதிஷ்டை செய்தார்கள். தெருவில் நின்று பார்த்தால் பழைய சாப்பல் என்று தெரியாது. முகப்பு முழுவதும் செதுக்கிய வெள்ளைப் பளிங்கு. உள்ளே இந்தியச் சிற்பிகள் செதுக்கிய தூண்கள், தோரணங்கள், குவிமாடம். மூலவர் சாந்திநாதர். இந்தக் கோயிலில் என்னை மிகவும் கவர்வது இரண்டு விஷயங்கள். ஒன்று, சுவேதாம்பரர், திகம்பரர், சிலை வழிபாடு இல்லாத ஸ்தானகவாசிகள், ஸ்ரீமத் ராஜ்சந்திரரைப் பின்பற்றுவோர் என நான்கு மரபினருக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் சுவேதாம்பரரும் திகம்பரரும் தீர்த்தத் தலங்களின் உரிமைக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிவருபவர்கள். அந்நிய ஊரில் எண்ணிக்கை குறைவாக இருந்தது அவர்களைச் சேர்த்துவைத்தது. இரண்டு, மகாவீரரின் வாழ்க்கையை வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் வரைந்திருக்கிறார்கள். வண்ணக் கண்ணாடி ஐரோப்பியத் தேவாலயங்களின் கலை. சாப்பலின் சன்னல்களை அடைக்காமல், அந்தக் கலையிலேயே தங்கள் தீர்த்தங்கரரின் கதையைச் சொன்னார்கள். இதைவிட மரியாதையாக ஒரு பழைய கட்டடத்தைக் கையாள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டு ஹோலி போன்ஸ் தெருவில் இருக்கும் குரு நானக் குருத்வாரா. பழைய பின்னலாடை ஆலை. இயந்திரங்களின் எடையைத் தாங்கக் கட்டிய தளங்கள், நடுவே தடுப்பில்லாத அகலமான கூடங்கள். நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து லங்கர் என்னும் பொதுச் சமையல்கூடத்தில் சாப்பிட இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேண்டியதில்லை. உள்ளே சீக்கிய வரலாற்றுக் காட்சியகமும் இருக்கிறது. குருத்வாராவின் வாசலிலிருந்து செயின்ட் நிக்கலஸ் கோயிலுக்கும் ரோமச் சுவருக்கும் ஓரிரு நிமிட நடைதான்.

வெய்மத் தெருவின் சனாதன் மந்திரும் பழைய கிறிஸ்தவக் கோயில் ஒன்றில் 1970களின் தொடக்கத்தில் தொடங்கியது. ஹரே கிருஷ்ணா இயக்கத்தாரின் கதை வேறு மாதிரி. அவர்களுடைய பழைய கட்டடம் 2010-ல் எரிவாயு வெடிப்பில் இடிந்தது. அடுத்த ஆண்டு கிரான்பி தெருவில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தை வாங்கினார்கள். 1870களில் ஜோசப் காடர்டு வடிவமைத்த ஆடம்பரமான வங்கி, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உயர்ந்த தரத்தில் இருப்பது. வங்கி காலி செய்தபின் அது பாழடைந்து வந்தது. கிருஷ்ண பக்தர்கள் நிதி திரட்டிக் கூரையையும் மண்டபத்தையும் பழுது பார்த்தார்கள்.

முஸ்லிம்கள் ஆரம்பத்தில் வீடுகளையும் சிறு கட்டடங்களையும் பள்ளிவாசல்களாக்கினார்கள். பிறகு புதிதாகவே கட்டினார்கள். ரயில் நிலையத்துக்கு அருகே கான்டுயிட் தெருவில் மத்தியப் பள்ளிவாசல், எவிங்டன் பகுதியில் மினாராவும் குவிமாடமும் கொண்ட மஸ்ஜித் உமர் இரண்டும் கண்ணில் படும். ஆகவே லெஸ்டரின் பெரிய பள்ளிவாசல்கள் ‘மாற்றிய தேவாலயங்கள்’ என்பது பொருந்தாத பேச்சு.

கிறிஸ்தவக் கட்டடங்கள் வேறு கிறிஸ்தவர்களிடம் போனதும் உண்டு. ரட்லண்ட் தெருவின் செயின்ட் ஜார்ஜ், 1820களில் கட்டிய திருச்சபைக் கோயில், இப்போது செர்பிய ஆர்த்தடாக்ஸ் சபையாருடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகதிகளாக வந்தவர்களின் சமூகம் அது. பெல்கிரேவ் கேட்டின் செயின்ட் மார்க் கோயிலுக்கு நேர்ந்ததுதான் எனக்கு வருத்தம் தருவது. 1905-ல் வேலையில்லாத தொழிலாளர்கள் லெஸ்டரிலிருந்து லண்டனுக்கு நடந்து போனபோது முன்னின்றவர்களில் ஒருவர் அந்தக் கோயிலின் பாதிரியார் டொனால்ட்சன். உழைப்பாளரைப் போற்றும் சுவரோவியங்களும் அங்கே இருந்தன. 1980களில் மூடி, பிறகு விருந்து மண்டபமாக்கினார்கள். கட்டடம் பிழைத்தது. ஆனால் அங்கே ஞாயிறு தோறும் ஒலித்த அந்தத் தொழிலாளர் சார்பான குரலுக்கு வாரிசு இல்லை.

இன்றைய எண்களைக் கேட்பவர்களுக்கு: 2021 கணக்கெடுப்பின்படி லெஸ்டர் மக்களில் கிறிஸ்தவர்கள் 24.7 சதவீதம், முஸ்லிம்கள் 23.5, இந்துக்கள் 17.9. மதமில்லை என்றவர்களும் கிட்டத்தட்ட முஸ்லிம்கள் அளவுக்கு இருக்கிறார்கள். எந்தக் கூட்டத்துக்கும் பெரும்பான்மை இல்லை.

நேரில் போகிறவர்கள் ஒரே நாளில் நடந்தே பாதியைப் பார்த்துவிடலாம். ஜூரி வாலில் தொடங்கி, செயின்ட் நிக்கலஸ், குருத்வாரா, பேராலயம், அதன் எதிரே ரிச்சர்ட் காட்சியகம், பிறகு தெற்கே நியூவார்க் வளைவுகள், கடைசியாகச் சமணக் கோயில் என்று போனால் வழி நேராக இருக்கும். சமணக் கோயிலுக்குள் தோல் பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது, இடுப்பு வாரையும் பணப்பையையும் வெளியே கழற்றிவைக்க வேண்டும். குருத்வாராவில் தலையை மூட ஒரு துணி வேண்டும். ஆல் செயின்ட்ஸ் கோயில் மூடிய தேவாலயங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையிடம் இருக்கிறது, வழக்கமான ஆராதனை கிடையாது. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. அந்த மாதம் நாடெங்கும் பாரம்பரியக் கட்டடங்களை இலவசமாகத் திறந்துவைக்கும் நாட்கள் உண்டு, சாதாரணமாக உள்ளே போக முடியாத இடங்களும் அப்போது திறக்கும்.